சட்டைக் கை முடிவதற்குள்

"திங்கட்கிழமை எனக்கு இன்டர்வியூடி. ஞாயித்துக்கிழமை வந்து இஸ்திரி போட்டுத் தர முடியுமா?" என்று தோழி அலாரம் போனில் கேட்டபோது, பீடிகை தன் அலுவலகத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தின் நடுவில் இருந்தாள். அது பக்கத்திலிருந்தவர்கள் காதில் விழுந்திருந்தால், ஆள் எடுக்கும் பிரிவுக்கே தலைவியாக இருப்பவளை யாரோ துணி தேய்க்கக் கூப்பிடுகிறார்கள் என்று வாயைப் பிளந்திருப்பார்கள். அவளுக்கோ அந்த ஒரு வரியில் இருபத்து நான்கு வருஷம் மடிப்புக் கலைந்து விரிந்துவிட்டது. "வர்றேண்டி" என்றாள். பீடிகை போடாமல் அவள் வாழ்நாளில் சொன்ன பதில் அநேகமாக அது ஒன்றுதான்.

பெயர்க் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விடுதியில் மூவருக்கு ஓர் அறை. மணி என்ன என்று கேட்டால், அந்தக் கடிகாரத்தை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறவளுக்குப் பீடிகை என்று பெயர் விழாமல் வேறென்ன விழும்? இரண்டாமவள், விடிவதற்கு முன் தானாகவே எழுந்து மற்ற இருவரின் போர்வையையும் இரக்கமில்லாமல் உருவுகிறவள். அவள் அலாரம். மூன்றாமவள் எதற்கெடுத்தாலும் தீர்ப்புச் சொல்வாள். பல் துலக்கும் முறையைப் பற்றிக்கூட அவளிடம் ஒரு தீர்ப்பு இருந்தது. அவள் ஜட்ஜம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர்கள் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தன.

கடைசி வருஷம் வந்ததும் விடுதியே வேலை விண்ணப்பத்தில் இறங்கியது. எல்லோரும் கண்ணாடி முன் நின்று தங்களைத் தாங்களே பேட்டி கண்டுகொண்டிருந்தார்கள். ஜட்ஜம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "கண்ணாடி நாம தலையாட்டினா தலையாட்டும், சிரிச்சா சிரிக்கும். எந்த அதிகாரிடி அப்படி இருப்பார்? அவர் காகிதத்தைப் பார்ப்பார், பேனாவைப் பார்ப்பார், நம்ம மூஞ்சியைத் தவிர எல்லாத்தையும் பார்ப்பார். அவரோட உச்சந்தலைகிட்ட பேசப் பழகணும்" என்றாள்.

அப்படித்தான் இஸ்திரி அறை பேட்டி அறையானது. மாடியின் கடைக்கோடியில் இருந்த சின்ன அறை. சாம்பல் நிறக் கம்பளி விரித்த ஒரு நீள மேசை. அதில் யார் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன இஸ்திரிப் பெட்டியின் தீய்ந்த தடங்கள். செருகினால் ஒரு தடவை பொறி பறக்காமல் வேலை செய்யாத பிளக். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவள் அதிகாரி. அவள் துணி தேய்த்துக்கொண்டே கேள்வி கேட்க வேண்டும். தலை நிமிரக் கூடாது. இந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்திருப்பவள், ஒரு சட்டையின் கழுத்துப்பட்டியும் இரண்டு கைகளும் தேய்த்து முடிவதற்குள் பதிலை முடித்தாக வேண்டும். இழுத்தாலோ உளறினாலோ, அதிகாரி ஒரு வார்த்தை பேசாமல் இஸ்திரிப் பெட்டியைக் குத்துக்கல்லாக நிமிர்த்தி வைத்துவிடுவாள். 'டொக்' என்று கேட்கும். அவ்வளவுதான், வேலை போச்சு.

மூன்று பேர் துணி எத்தனை நாளைக்கு வரும்? அக்கம்பக்கத்து அறைகளிலிருந்து துணி வாங்கி வந்தார்கள். பிறகு கேட்காமலே வந்து குவிந்தது. அந்த வருஷம் அந்த மாடியில் ஒருத்தியின் சட்டையிலும் ஒரு சுருக்கம் இருந்ததில்லை. விடுதிக் காப்பாளர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "இந்தக் காலத்துலயும் இப்படிப் பொறுப்பான பொண்ணுங்க இருக்காங்களே" என்று நெகிழ்ந்துபோனார். அதற்கு அலாரம், "எல்லாம் உங்க வளர்ப்பு மேடம்" என்று முகத்தை மாற்றாமல் சொன்னதை நினைத்து மூவரும் ஒரு வாரம் சிரித்தார்கள்.

இரண்டு சட்டங்கள் பாக்கி. ஒன்று, மாற்றிச் சொல்வது. ஒருத்தி சொன்ன பதிலை இன்னொருத்தி தன் பதில்போலத் திருப்பிச் சொல்ல வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது, அடுத்தவள் வாயில் கேட்டால்தான் ஓட்டை தெரியும் என்பது ஜட்ஜம்மாவின் தீர்ப்பு. இரண்டாவது, உண்மையான பேட்டி முடிந்து வெளியே வருகிறவள், உள்ளே என்ன கேட்டார்கள் என்பதை அடுத்தவளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

'நெருக்கடியான நேரத்தில் என்ன செய்தீர்கள்' என்று ஒரு கேள்வி உண்டு. எந்தப் பேட்டியிலும் தப்பாது. பீடிகையின் பதில், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின நாள் அவளுக்குக் கண்வலி வந்த கதை. அதை எப்படி அழகுபடுத்தினாலும் முதல் கையைத் தேய்ப்பதற்குள் 'டொக்' விழுந்தது. "அதிகாரிக்கும் கண்வலி ஒட்டிக்கும்டி" என்றாள் ஜட்ஜம்மா.

அலாரத்திடம் இருந்தது சொக்கத் தங்கம். அவள் அப்பா ஓர் அரசாங்கக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குபவர். பள்ளி விட்டதும் அவள் நேரே அங்கே போய் லிஃப்டின் மூலையில் உட்கார்ந்து, ஏறி இறங்கியபடியே வீட்டுப்பாடம் எழுதுவாள். பதினோரு வயதில் ஒருநாள், அவள் தண்ணீர் பிடிக்க வெளியே வந்த நேரம் பார்த்து, லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே அப்பாவும் ஐந்து பேரும். ஒருவர் கதவை உதைக்கிறார், ஓர் அம்மாளுக்கு மூச்சு முட்டுகிறது. இந்தப் பிள்ளை வாசல் காவலாளியின் போனுக்கும் நான்காம் மாடிக்கும் ஓடி ஓடி, கதவிடுக்கில் வாயை வைத்துச் செய்தி சொன்னாள். மெக்கானிக் கிளம்பிட்டார். மெக்கானிக் பாலத்துக்கிட்ட வந்துட்டார். சொல்ல ஒன்றும் இல்லாதபோதும், "இன்னும் ஒண்ணும் தெரியல, அஞ்சு நிமிஷத்துல வந்து சொல்றேன்" என்று சொன்னாள். பதினேழு தடவை ஏறி இறங்கினாள். அதற்கப்புறம் உள்ளே யாரும் கத்தவில்லை. "மாட்டிக்கிட்டு நிக்கிறவங்களுக்கு முதல்ல வேண்டியது தகவல். மத்ததெல்லாம் அப்புறம்" என்று அலாரம் முடிக்கும்போது, இரண்டாவது கையின் மணிக்கட்டுப் பட்டி சரியாக முடிந்திருக்கும்.

மாற்றிச் சொல்லும் சட்டப்படி பீடிகை அந்தக் கதையை நாற்பது தடவையாவது சொல்லியிருப்பாள். அலாரத்தைவிட நன்றாகவே சொல்வாள். அலாரம் நடந்ததைச் சொல்வாள், பீடிகை நடத்திக் காட்டுவாள். ஒரு கட்டத்தில் அந்தப் படிகளில் தன் காலே வலிப்பதுபோல அவளுக்குத் தோன்றியது.

கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த நிறுவனங்களில் எல்லோரும் கண் வைத்திருந்தது ஒன்றின் மேல். பேட்டி நடந்தது வரைபட வகுப்பு அறையில், மூன்று அதிகாரிகள். பட்டியலில் பீடிகைக்கு அடுத்த பெயர் அலாரம். ஜட்ஜம்மா சட்டம் படிக்கப் போவதாகச் சொல்லி விண்ணப்பிக்கவே இல்லை. நடுவில் இருந்த அதிகாரி, ஜட்ஜம்மா வாக்கு பலிப்பதுபோல, தன் வழுக்கைத் தலையை மட்டும் காட்டியபடி எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி வந்தது. பீடிகைக்குக் கண்வலி, பரீட்சை, எல்லாம் துடைத்துவிட்டதுபோல் மறந்துபோயிற்று. வாய் மட்டும் தானாகத் திறந்து, "எங்கப்பா லிஃப்ட் இயக்குபவரா வேலை பார்க்கிறார்" என்று தொடங்கியது.

இரண்டாவது வாக்கியத்தில்தான் தான் என்ன சொல்கிறோம் என்பது அவள் காதில் விழுந்தது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் அந்த அதிகாரி தலை நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டார். இஸ்திரி மேசையில் யாரும் தலை நிமிர்ந்ததே இல்லை. ஒரு மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தன் முகத்தைப் பார்த்துக் கேட்பது எவ்வளவு பெரிய ருசி என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கடைசி வரை சொல்லி முடித்தாள். "அப்பா இன்னும் அங்கதான் இருக்காரா?" என்று அவர் கேட்டார். "ஆமா சார்" என்றாள். அவள் அப்பா தபால் நிலையத்தில் எழுத்தர். லிஃப்டைக் கண்டாலே பயந்து படியேறுகிறவர். முதலில் சொன்னது வாய் தவறியது என்றே வைத்துக்கொள்வோம். இந்த 'ஆமா சார்' வாய் தவறியதில்லை.

வெளியே பெஞ்சிலிருந்து அலாரம் எழுந்து, சான்றிதழ் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரே வந்தாள். கதவுக்கும் பெஞ்சுக்கும் நடுவே பத்தடி இருக்கும். "என்னடி கேட்டாங்க?" என்று கேட்டாள். சட்டப்படி சொல்ல வேண்டும். லிஃப்டைப் பற்றி மட்டும் பேசாதே என்று நாலு வார்த்தை போதும். பீடிகை பெஞ்சைப் பார்த்தபடி, "எல்லாம் வழக்கமானதுதான். நல்லா பண்ணு" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

அலாரம் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஒண்ணும் கஷ்டமில்ல" என்றாள். மாலையில் ஒட்டிய பட்டியலில் பீடிகையின் பெயர் இருந்தது, அலாரத்தின் பெயர் இல்லை. அவள் உள்ளே அந்தக் கதையைச் சொன்னாளா, வேறு சொன்னாளா, பீடிகை கேட்கவில்லை. கேட்கும் தைரியம் யாருக்கு இருந்தது? மூன்று வருஷம் பீடிகை போட்ட கடிதங்களுக்கு அலாரத்திடமிருந்து பதிலே வரவில்லை. நாலாவது வருஷம் ஒருநாள் அலாரமே போன் செய்து, எதுவும் நடக்காததுபோல, "என்னடி, இப்பவாவது சுருக்கமா பேசறியா?" என்று கேட்டாள். அதிலிருந்து வருஷத்துக்கு நாலைந்து தடவை பேச்சு. அந்தப் பேச்சில் படிப்பு உண்டு, பிள்ளைகள் உண்டு, முட்டி வலி உண்டு. வரைபட வகுப்பு மட்டும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீடிகை நான்கு மாடி ஏறி மூச்சிரைக்க நின்றாள். அலாரம் கதவைத் திறந்தாள். முன்நெற்றியில் நரை, அதே குறும்புக் கண்.

"லிஃப்ட் இல்லாத வீடா பார்த்து எடுத்திருக்கியே" என்று பீடிகையின் வாயில் வந்துவிட்டது. வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"படி ஏறினா உடம்புக்கு நல்லது" என்றாள் அலாரம், சாதாரணமாக.

கூடத்தில் சாப்பாட்டு மேசை மேல் பழைய கம்பளி ஒன்றை நாலாக மடித்து விரித்திருந்தாள். இஸ்திரிப் பெட்டி சூடேறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கூடை நிறையத் துணி, கணவர் சட்டை, மகன் சட்டை. இந்தப் பக்கம் ஒரு முக்காலி. பீடிகைக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இஸ்திரி அறையின் சூடும், ஈரத்துணி ஆவியின் வாசனையும், தாங்கள் மூவரும் என்னவெல்லாமோ ஆகப்போகிறோம் என்று நம்பிய அந்தச் சாயங்காலங்களும் அப்படியே அங்கே வந்து நின்றன. அந்த நாட்களைப்போல அதற்கப்புறம் அவள் எங்கேயும் சந்தோஷமாக இருந்ததில்லை. அந்த நாட்களைக் கெடுத்ததும் தான்தானே என்ற நினைப்பு கூடவே வந்தது.

அலாரம் பத்தொன்பது வருஷம் ஒரு கூரியர் அலுவலகத்தின் முகப்பில் இருந்தவள். அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். இப்போது விண்ணப்பித்திருப்பது ஒரு மருத்துவமனையில், அறுவைசிகிச்சை அரங்கத்துக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்களுக்கான உதவி மேசைக்குப் பொறுப்பாளர் வேலை. "நாப்பத்தாறு வயசுல கூப்பிட்டதே பெரிசு. எட்டு மாசமா வீட்ல இருக்கேன். இதுவும் இல்லைன்னா இனிமே எழுதிப் போட மாட்டேண்டி. மனசு விட்டுப்போச்சு" என்றாள். போர்வையை உருவி ஊரை எழுப்பினவள் வாயில் இந்தப் பேச்சைக் கேட்கப் பீடிகைக்குப் பொறுக்கவில்லை.

சட்டையை விரித்துத் தலை குனிந்தாள். "நெருக்கடியான நேரத்துல நீங்க என்ன செஞ்சீங்க?"

அலாரம் கூரியரில் இரண்டு பொட்டலங்கள் மாறிப்போன கதையைச் சொன்னாள். கழுத்துப்பட்டி முடிந்தது, ஒரு கை முடிந்தது, மறு கையும் முடிந்தது, பொட்டலங்கள் இன்னும் வந்து சேரவில்லை. டொக். அடுத்த சட்டைக்குக் கணினி பழுதான கதை. டொக். மூன்றாவது சட்டைக்கு மழையில் நனைந்த ஒரு காகிதக்கட்டு. ஆயிரக்கணக்கான பேரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டவள் பீடிகை. இந்தப் பதில்கள் நாளைக்கு நிற்காது என்று அவளுக்குத் தெரியும். எந்தப் பதில் நிற்கும் என்பதும் தெரியும். அந்த மேசையில் உட்காரப் பிறந்தவள் இவள் என்று எந்த அதிகாரியும் நிமிர்ந்து பார்க்கிற கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் தன் வாயைத் திறக்க வேண்டும்.

"நீ அந்த... அதாவது, நான் என்ன நினைச்சேன்னா, நம்ம காலேஜ்ல அந்த கடைசி வருஷம், மழை கூட லேசா தூறிட்டு இருந்துச்சே, அன்னைக்கு நான் உள்ள போனப்ப எனக்கு உடம்பு வேற..."

அலாரம் எழுந்து வந்து அவள் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை வாங்கி நிமிர்த்தி வைத்தாள். டொக். "பீடிகை போடாம சொல்லு."

"உன் லிஃப்ட் கதையை என் கதைன்னு சொன்னேன். வெளிய வந்து உன்கிட்ட சொல்லல."

"தெரியும்" என்றாள் அலாரம். "நான் ஆரம்பிச்சதுமே அந்த வழுக்கைத் தலைக்காரர் நிறுத்தினார். 'இதையே இப்பதான் ஒரு பொண்ணு சொல்லிட்டுப் போச்சு. இது யார் கதைம்மா?'ன்னு கேட்டார். மாத்திச் சொல்லிச் சொல்லி உனக்கு வாய் தவறியிருக்குன்னு அடுத்த நிமிஷமே புரிஞ்சுது. என்னோடதுன்னு சொன்னா உன்னைத் திரும்பக் கூப்பிடுவாங்க. நீ ஒண்ணு உண்மையைச் சொல்லணும், இல்ல பொய்யைச் சொல்லணும். ரெண்டையும் சொல்லி முடிக்க உனக்கு ஒரு மணி நேரம் ஆகும். ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவாங்க. அதான், அது அவளோடது சார், சேர்ந்து பழகினதுல பதட்டத்துல எனக்கு வந்துருச்சுன்னு சொல்லிட்டேன்."

பீடிகை கூடையிலிருந்து ஒரு சட்டையை எடுத்தாள், திரும்பப் போட்டாள்.

"பெரிய தியாகம்னு நினைச்சுக்காத. இது போனா அடுத்த மாசம் இன்னொண்ணு வரும்னுதான் நினைச்சேன். வரலை, அது வேற." அலாரம் ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். "வேலை போனது ஆறிடுச்சுடி. அப்புறம் அவர் ஒண்ணு கேட்டார். 'அப்ப உங்க அப்பா என்ன பண்றார்?'னு. ஃபார்ம்ல ரெண்டு பேரும் அப்பா அரசு ஊழியர்னுதானே போட்டிருந்தோம். நான் போஸ்ட் ஆபீஸ்ல எழுத்தர்னு சொல்லிட்டேன். உங்கப்பாவை எங்கப்பான்னு சொல்லிட்டேன். அன்னைக்கு எங்கப்பா லிஃப்டை அரை நாள் வேற ஒருத்தர்கிட்ட விட்டுட்டு, நான் எப்படி பண்ணினேன்னு கேக்க காலேஜ் வாசல்ல வந்து நின்னுட்டு இருந்தார். அது மூணு வருஷம் ஆறல. அவர் கண்ணை மூடற வரைக்கும் அவர்கிட்ட சொல்லவும் இல்ல. அந்தக் கதையை நான் அதுக்கப்புறம் யார்கிட்டயும் சொன்னதில்ல. என் பையனுக்குக்கூடத் தெரியாது."

"நாளைக்குச் சொல்லு" என்றாள் பீடிகை. குரல் உடைந்திருந்தது. "அந்த மேசைக்கு அதைவிட ஒரு பதில் கிடையாது. நாளைக்கு அதைச் சொல்லு."

"எனக்கு அது மறந்தே போச்சுடி. எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

பீடிகை சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள். மாற்றிச் சொல்லும் சட்டம் இன்னும் அமலில்தான் இருந்தது. நாற்பது தடவை 'எங்கப்பா' என்று தொடங்கிய கதையை முதல் தடவையாக அவள் இப்படித் தொடங்கினாள்:

"உங்கப்பா லிஃப்ட் இயக்குபவரா வேலை பார்த்தார். நீ ஸ்கூல் விட்டதும் நேரா அங்க போய், லிஃப்ட் மூலையில ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து..."

"ஸ்டூல் இல்ல" என்றாள் அலாரம். "கவுத்து வச்ச பெயிண்ட் டப்பா. அது மேல எனக்காக எங்கப்பா ஒரு துணியைச் சுத்தி வச்சிருப்பார். பச்சைத் துணி."

"பெயிண்ட் டப்பாவா? நான் அன்னைக்கு உள்ள ஸ்டூல்னுதானே சொன்னேன்?"

"நீ தப்பாதான் சொல்லியிருப்ப. உனக்கு எப்படித் தெரியும்?" அலாரம் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எழுந்திரு. அது என் இடம்."

இருவரும் இடம் மாறினார்கள். அலாரம் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். கம்பளி மேல் ஒரு சட்டை விரிந்து கிடந்தது. பீடிகை அதைத் தொடவில்லை. இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி வைத்தாள். தலை குனியாமல், நேராக அலாரத்தின் முகத்தைப் பார்த்துக் கேள்வியைக் கேட்டாள்.

"எங்கப்பா லிஃப்ட் ஆபரேட்டர்" என்று அலாரம் ஆரம்பித்தாள்.